கப்பல் பயணத்தில் ரோமுக்கு ஒரு பகல்தான் கிடைக்கிறது. கப்பல்காரர்கள் விற்கும் எக்ஸ்கர்ஷனை வாங்காமல் குறைந்த செலவில் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். நீங்கள், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், எழுபதை நெருங்கும் அம்மா என நான்கு பேர் பார்சிலோனாவில் கப்பல் ஏறுவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ரோமைச் சுற்றிக்காட்டக் கப்பலில் ஒருவருக்குக் கேட்கும் தொகைக்குள்ளேயே நால்வரும் போய், பார்த்து, சாப்பிட்டுத் திரும்பிவிடலாம். அம்மா, அப்பாவை அழைத்துக்கொண்டு அப்படிப் போய்வந்தவன் நான். எந்தச் செலவைத் தவிர்க்கலாம், எதைத் தவிர்க்கக் கூடாது என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

கப்பல் ரோமுக்குப் போவதில்லை. அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருந்தாலும் அது நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். பேரரசர் டிராஜன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய துறைமுகம் அது. அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஆக, எக்ஸ்கர்ஷன் என்ற பெயரில் நீங்கள் வாங்குவதில் பெரும்பங்கு அந்த 80 கிலோமீட்டர் பஸ் பயணம்தான். கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது: அவர்கள் ஏற்பாடு செய்த பஸ் நெரிசலில் மாட்டித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவில் போய்ப் பிடிக்க வேண்டியதுதான். விலை வித்தியாசத்தை எடைபோடும்போது இந்த உத்தரவாதத்தையும் தட்டில் வைத்துப் பாருங்கள்.

கப்பலில் பொதுவாக இரண்டு வகை விற்பார்கள். ஒன்று, கைடோடு முழுநாள் சுற்று. தலைக்கு 150 டாலருக்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம், பல நேரம் 200-ஐத் தாண்டும். இன்னொன்று, ரோம் வரை பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே இடத்தில் ஏற்றிக்கொள்வது. கைடு கிடையாது, நுழைவுச் சீட்டும் கிடையாது. விலை பாதிக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் வகையை உங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பது பேர் ஒரு கொடியின் பின்னால் ஓடும் வேகத்துக்கு அம்மாவால் ஈடுகொடுக்க முடியாது. உட்கார வேண்டும் என்று அவருக்குத் தோன்றும் இடத்தில் குழு உட்காராது. இரண்டாவது வகையை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என் முதல் தேர்வு ரயில். கப்பலிலிருந்து இறங்கியதும் துறைமுகத்தின் இலவச ஷட்டில் பஸ் லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் விடும். அங்கிருந்து ரயில் நிலையம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். உள்ளூர் பஸ் இருக்கிறது. நடக்கத் தெம்புள்ளவர்கள் மிக்கேலாஞ்சலோ பெயரில் உள்ள பழைய கோட்டையைப் பார்த்தபடி கடற்கரையோரமாக நடந்துவிடலாம். அம்மாவை நடக்க வைக்காதீர்கள். அவருடைய கால்கள் ரோமுக்கு வேண்டும்.

ஸ்டேஷனில் 'பிர்க்' என்று கேளுங்கள். லாசியோ மாநிலத்தின் ஒருநாள் சீட்டு அது. நாங்கள் போனபோது சிவிட்டாவெக்கியாவிலிருந்து ஆளுக்கு 12 யூரோ. சாதாரண ரயிலில் போகவர, ரோம் நகருக்குள் பஸ், மெட்ரோ, டிராம் எல்லாம் அன்று நள்ளிரவு வரை அதிலேயே அடங்கும். வெறும் ரயில் சீட்டு ஒரு வழிக்கு ஐந்து யூரோவை ஒட்டித்தான் வரும். ஆனால் அம்மாவுக்காக நகருக்குள் நான்கைந்து தடவை பஸ் ஏறப்போகிறீர்கள், அதனால் பிர்க்தான் லாபம். அதில் பெயரும் தேதியும் எழுதி, பிளாட்பாரத்துக்குப் போகும் முன் அங்குள்ள சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கையில் சீட்டு இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் போடுவார்கள். வேகமான இன்டர்சிட்டி வண்டிகளில் இந்தச் சீட்டு செல்லாது. ஒரே காலையில் இரண்டு மூன்று கப்பல்கள் வந்து நின்றால் டிக்கெட் வரிசை வாசல் வரை நீளும். ஆகவே காலைச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு முதல் கூட்டத்தோடு இறங்கிவிடுங்கள்.

அடுத்து, எங்கே இறங்குவது? வண்டி சான் பியெத்ரோ, திராஸ்தெவெரே, ஓஸ்தியென்ஸே என்று நின்று கடைசியில் தெர்மினி போகிறது. பெரும்பாலோர் தெர்மினி வரை உட்கார்ந்தே போய்விடுகிறார்கள். நீங்கள் சான் பியெத்ரோவில் இறங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வெளியே வந்ததுமே புனித பேதுரு பேராலயத்தின் கும்மட்டம் தெரியும், அதைப் பார்த்து நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். தெர்மினிக்குப் போயிருந்தால் கூடுதலாக அரைமணி ரயில், ஸ்டேஷனுக்குள்ளேயே நீண்ட நடை, அதன்பின் மெட்ரோ என்று காலையின் நல்ல நேரம் கரைந்திருக்கும்.

ஒரே நாளில் வாடிகன், கொலோசியம் இரண்டையும் பார்க்க ஆசைப்படுவீர்கள், எல்லோருக்கும் வரும் ஆசைதான். ஆனாலும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கப்பல் ஏழு மணிக்கு வந்து மாலை ஏழுக்குக் கிளம்பினாலும், போகவர நேரம் போக, திரும்புவதற்கான பாதுகாப்பு நேரமும் போக, நகருக்குள் கிடைப்பது ஆறு மணி நேரம். இரண்டு பெரிய பாதுகாப்புச் சோதனை வரிசைகளுக்கு அதைக் கொடுத்தால் மிஞ்சுவது வரிசையின் நினைவு மட்டும்தான்.

உங்கள் குடும்பத்துக்கு வாடிகன் பக்கம் பொருந்தும் என்று நினைக்கிறேன். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உள்ளே போனதும் வலப்பக்கம் மிக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிற்பம் இருக்கிறது. இருபத்தைந்து வயதை எட்டுவதற்குள் அவர் செதுக்கி முடித்தது. மடியில் மகனின் உடலை ஏந்திய அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, கிறித்துவம் பற்றி எதுவும் தெரியாத என் அம்மா வெகுநேரம் அசையாமல் நின்றார். அந்தச் சில நிமிடங்களுக்காகவே எந்தக் குழுவோடும் போகாதது நல்லதென்று பட்டது. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கும்மட்டத்தின் உச்சிக்கு ஏறக் கட்டணம் உண்டு. மொத்தம் 551 படிகள், லிஃப்டில் போனாலும் 320 படிகள் மிச்சமிருக்கும். அம்மாவோடு போகும்போது அதை விட்டுவிடலாம். சதுக்கத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் பெர்னினியின் 284 தூண்களுக்கு இடையே நல்ல நிழல் இருக்கிறது, காத்திருப்பவர்கள் அங்கே இளைப்பாறலாம். பக்கத்திலேயே கழிப்பறை வசதியும் உண்டு.

வாடிகன் அருங்காட்சியகம் வேறு கணக்கு. மிக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயம் அதற்குள்தான் இருக்கிறது. சீட்டு 20 யூரோ, முன்பதிவுக்கு மேலே 5. உள்ளே நடக்க மூன்று மணி நேரமாவது வேண்டும். மகளுக்கு ஓவியத்தில் உயிர் என்றால் போங்கள், அப்போது மற்றதையெல்லாம் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வெளியே ரோம் இலவசமாகக் காட்டுவதே ஏராளம்.

பேராலயத்திலிருந்து நேராக ஆற்றை நோக்கி நடந்தால் சாந்தாஞ்சலோ கோட்டை. பேரரசர் ஹேட்ரியனின் கல்லறையாகக் கட்டப்பட்டது அது. எதிரே தேவதைச் சிலைகள் வரிசையாக நிற்கும் பாலம். பாலத்தைக் கடந்து பத்து நிமிடம் நடந்தால் நவோனா சதுக்கம், இன்னும் ஐந்தாறு நிமிடத்தில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். இரண்டுக்கும் நடுவே சான் லூயிஜி தெய் ஃபிராஞ்சேஸி என்றொரு தேவாலயம் இருக்கிறது, தவற விடாதீர்கள். புனித மத்தேயுவைப் பற்றி கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள், எந்தச் சுவர்களுக்கென்று வரையப்பட்டனவோ அதே சுவர்களில் இன்றும் தொங்குகின்றன. கட்டணம் இல்லை. மதியத்தில் மூடிவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும். அருங்காட்சியகத்தில் பணம் கொடுத்து, தலைகளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டிய ஓவியரை இங்கே சில அடி தூரத்தில் பார்க்கிறோம்.

பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் 5 யூரோ வாங்குகிறார்கள். மனதாரக் கொடுங்கள். ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் எழுப்பிய கும்மட்டம் அது. கம்பி வைக்காத கான்கிரீட்டில் உலகில் இன்றுவரை அதைவிடப் பெரிய கும்மட்டம் இல்லை. விட்டம் 43 மீட்டருக்குச் சற்று மேல், தரையிலிருந்து உச்சிக்கு உயரமும் அதே அளவு. உச்சியில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே விழும், தரையில் உள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் உள்ளேதான். வெளியே வந்து பின்புறம் போனால் சின்ன யானை ஒன்று முதுகில் எகிப்தியக் கல்தூணைச் சுமந்து நிற்கும். அதன் பின்னாலுள்ள தேவாலயத்தில் மிக்கேலாஞ்சலோ செதுக்கிய கிறிஸ்து சிலை இருக்கிறது. அதற்கும் காசு கிடையாது. அங்கிருந்து திரேவி நீரூற்று பத்து நிமிட நடை. கூட்டம் நெருக்கியடிக்கும், மகள் ஒரு படம் எடுத்துக்கொண்டால் கிளம்பிவிடலாம், சட்டைப்பையில் கவனம் இருக்கட்டும்.

கொலோசியம்தான் வேண்டும் என்று வீட்டில் தீர்மானித்தால், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சீட்டு 18 யூரோ. பண்டைய ரோமின் மையமாக இருந்த ஃபோரமும் அதையொட்டிய பாலத்தீன் குன்றும் அதிலேயே சேர்ந்தவை. அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால்தான் விற்பனைக்கு வரும், சீக்கிரம் தீர்ந்துவிடும். சீட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். நம் ஊர் இனிஷியல் குழப்பம் அங்கே வாசலில் வேண்டாம். சீட்டு கிடைக்காவிட்டாலும் வருந்த வேண்டியதில்லை. காம்பிதோலியோ குன்றின் பின்பக்கம் போய் நின்றால் ஃபோரம் முழுவதும் கண்முன் விரியும், காசு வேண்டாம். அங்கே பேரரசர் மாக்சென்டியஸ் பெயரிலான மண்டபத்தின் பெரிய வளைவுகள் தெரியும். அதன் அடியில்தான் பேரரசின் மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடலையும் நைல் நதியையும் தாண்டி அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதாக நம் சங்கப் பாடல் சொல்வதன் மறுமுனையை மகளுக்கு அங்கிருந்தே காட்டலாம்.

சாப்பாட்டுக்குப் பெரிதாகச் செலவாகாது. தகடு தகடாகச் சுட்டு, வெட்டி, எடைக்கு விற்கும் பீட்சா கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. சைவம் என்றால் மார்கரீட்டா, உருளைக்கிழங்கு வைத்தது எல்லாம் கிடைக்கும். சுப்ளி என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. அம்மாவை உட்கார வைக்க அந்தக் கூடுதலைக் கொடுப்பதில் தவறில்லை. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஊரெங்கும் 'நாசோனே' என்ற இரும்புக் குழாய்களில் இரவும் பகலும் குளிர்ந்த குடிநீர் ஓடுகிறது.

திரும்பும்போது பர்பெரீனி மெட்ரோவில் ஏறித் தெர்மினி வந்துவிடுங்கள். வண்டி அங்கேதான் புறப்படுகிறது, அதனால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். ஆனால் சிவிட்டாவெக்கியா வண்டிகள் நிற்கும் பிளாட்பாரம் ஸ்டேஷனின் கோடியில் இருக்கிறது, அந்த நடைக்குத் தனியே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரம் ஆறரை என்றால் மூன்றரைக்கெல்லாம் ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது ரத்தானாலும் அடுத்த வண்டியில் போய்ச் சேரலாம். அந்த இடைவெளிதான் கப்பல்காரர்கள் விற்கும் உத்தரவாதத்துக்கு நீங்கள் தரும் விலை. அதில் கஞ்சத்தனம் கூடாது.

கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள். புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால் பேராலயம் நண்பகல் வரை திறக்காது. ஞாயிறில் வாடிகன் அருங்காட்சியகம் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம் என்று திறப்பார்கள், ஆனால் கப்பலில் வருபவர்கள் அந்தக் கூட்டத்தில் மாட்டக் கூடாது. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். 'ஷோப்பெரோ' என்ற சொல்லோடு உங்கள் தேதியைப் போட்டு இணையத்தில் தேடுங்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் சில வண்டிகள் கட்டாயம் ஓடும். காலை நேரம் உங்களுக்கு உதவும், மாலை நேரம் கப்பலுக்கு உதவாது. அப்படி ஒரு நாளில் சிக்கினாலோ, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலோதான் கப்பலின் அந்த இரண்டாவது வகை பஸ். பேசாமல் அதை வாங்கிவிடுங்கள். அதை எப்போது வரை வாங்கலாம், எப்போது வரை ரத்து செய்யலாம் என்பதைக் கப்பலேறிய முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமே வேண்டாம், அலைச்சல் தாங்காது என்று அம்மா சொன்னால் தார்குவினியா என்ற சிற்றூர் ரயிலில் எதிர்த்திசையில் கால்மணி தூரம்தான். ரோமானியருக்கு முன்னால் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் வண்ணச் சித்திரக் கல்லறைகள் அங்கே இருக்கின்றன, 2004 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஸ்டேஷனிலிருந்து ஊர் மேட்டில் இருப்பதால் பஸ்ஸில் ஏற வேண்டும், கல்லறைகளுக்குள் படி இறங்கவும் வேண்டும். திங்கட்கிழமை மட்டும் போக வேண்டாம், விடுமுறை.