சுவான்சௌவுக்கு ஒரு நாள் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த ஆண்டு சீனா போகலாமென்று இருக்கிறேன். எட்டு நாள். பெய்ஜிங், சியான், ஷாங்காய் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு நாள் தென்கிழக்குக் கடலோரத் துறைமுக நகரமான சுவான்சௌ. அங்கே தமிழர்கள் கட்டிய சிவன் கோயில் இருப்பதாகப் படித்தேன். அது எந்த இடத்தில் இருக்கிறது? தமிழர் ஒரு காலத்தில் அந்த நகரை ஆண்டார்களாமே? சிறிய சம்பளக்காரன், செலவைக் கட்டுக்குள் வைக்க வழி சொல்லுங்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா? மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

குறைந்த பணத்தில் ஒரு பழைய நகரத்தை எப்படிப் பார்ப்பது என்பது கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், கைபேசி மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். சைவமும் கிடைக்கும். புத்தக் கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கும், தேடிக்கொள்ளுங்கள். தமிழர் சுவான்சௌவை ஆளவில்லை. வணிகம் செய்யப் போனார்கள். 1281 சித்திரையில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசை கானின், அதாவது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின், உடல்நலத்துக்காக இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அயல்நாட்டில் அரசனின் அனுமதி பெற்றுக் கோயில் எடுத்தவர்களின் கல் அது. அந்தப் பெருமை போதாதா? ஆண்ட கதை எதற்கு?

இனி உங்கள் திட்டம். எட்டு நாளில் நான்கு நகரம் என்று எழுதிவிட்டு, அதே கடிதத்தில் சிக்கனம் என்றும் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு அதிவேக ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணமே 500 யுவானைத் தாண்டும். சியானிலிருந்து ஷாங்காய்க்கு அதைவிட அதிகம். யுவானுக்குச் சுமார் 12 ரூபாய் என்று போட்டுக் கணக்குப் பாருங்கள். உங்கள் பணம் தண்டவாளத்துக்குப் போகிறது. அறையிலும் சாப்பாட்டிலும் என்னதான் இறுக்கிப் பிடித்தாலும் அது திரும்பி வராது.

மற்ற மூன்று நகரங்களைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். பக்கத்து நகரமான சியாமென் வரை விமானம், அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம், சுவான்சௌவில் ஐந்து இரவு. பழைய நகருக்குள், மேற்குத் தெருவுக்கோ சோங்ஷான் சாலைக்கோ நடக்கும் தூரத்தில் தங்குங்கள். வெளிப்புறத்தில் மலிவாக அறை பிடித்தால் மிச்சமாவதை டாக்சி தின்றுவிடும். இந்த நகரத்தில் மெட்ரோ கிடையாது. பழைய நகருக்குள் ஓடும் சிறிய மின்பேருந்துக்கு 2 யுவான்தான். வெளிநாட்டினரைப் பதிவு செய்யத் தெரியாமல் சில சிறு விடுதிகள் திருப்பி அனுப்புவதுண்டு. முன்பதிவு செய்த கையோடு, இந்தியக் கடவுச்சீட்டு என்று சொல்லி எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயிலில் கவனம்: சுவான்சௌ, சுவான்சௌ தெற்கு, சுவான்சௌ கிழக்கு என்று நிலையங்கள் தனித்தனி. திசைப் பெயர் இல்லாததுதான் பழைய நகருக்கு வசதி. கடவுச்சீட்டுதான் பயணச்சீட்டு. தானியங்கிக் கதவு அதை எல்லா இடத்திலும் படிக்காது. ஓரத்தில் ஆள் நிற்கும் வழியாகப் போங்கள்.

பணத்துக்கு அலிபே என்ற கைபேசிப் பணச் செயலியில் விசா அல்லது மாஸ்டர்கார்டை இங்கிருந்தே இணைத்துவிடுங்கள். அங்கே போய்ப் பலர் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைப்பதில்லை. ஓடிபி வர வேண்டிய இந்திய எண்ணுக்கு ரோமிங் போடுவதில்லை. ஒரு தடவையில் 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அதற்குக் கீழே இல்லை. சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

காலையில் மியென்சியென்ஹூ சாப்பிடுங்கள் என்று மற்றவருக்குச் சொல்வேன். நூல்போன்ற கோதுமைச் சேமியா கரைந்த கெட்டிக் கஞ்சி, மேலே வெள்ளை மிளகுத்தூள். உங்களுக்கு ஆகாது, அடிச்சாறே இறைச்சி அல்லது கடலுணவு. கூடப் போகும் நண்பர் சாப்பிட்டால், கண்ணாடிக்குள் இருப்பதையெல்லாம் கைகாட்ட வேண்டாமென்று சொல்லுங்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி விலை.

கோயில் எங்கே என்று கேட்டீர்கள். கோயில் இல்லை. கற்கள்தான் இருக்கின்றன, அவையும் ஓரிடத்தில் இல்லை. பல கற்கள் நகர மதிலுக்குள் போய், 20ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது வெளியே வந்தவை. சில கையுவான் புத்தக் கோயிலில் சேர்ந்தன. 686இல் தோன்றிய கோயில் அது. உள்ளே நுழைகிறவர்கள் இரண்டு கல் பகோடாக்களைப் படமெடுத்துவிட்டு, பெரிய மண்டபத்தின் முன்னால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் மண்டபத்தின் முன்மேடை அடிவரியைக் குனிந்து பாருங்கள். மனிதமுகச் சிங்கங்கள், 70க்கும் மேற்பட்ட பலகைகள். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். பின் தாழ்வாரத்தில் இரண்டு தூண்கள், பதினாறு பட்டை. இடையிடையே வரும் சதுரங்களில் வட்டச் சிற்பங்கள். ஒன்றில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். ஒன்றில் இரட்டை மரங்களோடு கண்ணன். ஒன்றில் கோபியரின் சேலை களவு. அதே தூண்களில் பந்து விளையாடும் இரட்டைச் சிங்கமும், பியோனி மலரோடு பீனிக்ஸ் பறவையும்! சோழநாட்டுத் தூணின் அமைப்பைச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர், உளி பிடித்தவர் இன்னொருவர் என்பது அந்தச் சதுரங்களில் பச்சையாகத் தெரிகிறது. தாழ்வாரம் வடக்கு பார்த்தது, வெயில் விழாது. சிறு டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் உருவம் எழும். தொடாதீர்கள்.

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: முதல் முறை உங்களுக்குப் பாதிதான் தெரியும். மறுநாள் கடல்வழி அருங்காட்சியகம் போங்கள். அனுமதி இலவசம், திங்கள் விடுமுறை. சிவன் கோயிலின் கற்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. லிங்கத்துக்கு யானை பூச்சாத்தும் பலகையின் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். யானை பூசித்த திருவானைக்காவை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. சாயங்காலமே மறுபடி கையுவான் போங்கள். அதே தூண் வேறாகத் தெரியும். கையுவானுக்கும் கட்டணம் இல்லை. இரண்டாம் முறை போவதற்குக் காசு ஆகாது, நேரம்தான் ஆகும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் ரயிலில் கொட்டத் திட்டம் போட்டிருக்கிறீர்கள்! ஒரு நாள் வந்து, தூண் முன்னால் செல்ஃபி எடுத்து, 'நம் முன்னோர்' என்று பதிவு போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அந்தக் கற்களைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. ஆசையோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன்.

மிச்ச நாளுக்கு: 1009இல் கட்டிய சிங்ஜிங் பள்ளிவாசல், பக்கத்திலேயே போர்த்தெய்வம் குவானின் கோயில். தெற்கே கடலம்மன் மாசுவின் தியென்ஹௌ கோயில், அங்கும் சிவன் கோயில் பாணித் தூண்கள் இரண்டு உண்டு. லோயாங் பாலத்துக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். 1053 முதல் 1059 வரை கட்டியது. படகு மூக்குப்போல் கூர்ந்த தூண்களும், அடிக்கல்லைப் பிணைக்க வளர்த்த சிப்பிகளும் வற்றத்தில்தான் வெளியே தெரியும். ஏற்றத்தில் போனால் வெறும் பாலம்தான்.

அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் வேண்டாம், அறை வாடகை பல மடங்காகும். ஒவ்வொரு சீனச் சந்திர மாதத்தின் 26ஆம் நாளும் கையுவானில் பெருங்கூட்டம் இருக்கும், தூண் பார்க்க அன்று போகாதீர்கள். அக்டோபர் பாதிக்கு மேல் டிசம்பர் வரை நல்ல காலம். விசா விண்ணப்பத்தில் விடுதி முன்பதிவும் பயணத் திட்டமும் கேட்பார்கள், அதனால் திட்டத்தை இப்போதே மாற்றி எழுதுங்கள்.