அம்மா மூன்று வார்த்தையில் ஒன்றை மறந்துவிட்டார். இது டிமென்ஷியா என்ற மறதி நோயா? நினைவுப் பரிசோதனைகளை நம்பலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது: அம்மாவுக்கு 70 வயது, அடிக்கடி மறக்கிறார். யூடியூபில் பார்த்து மூன்று வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டிருக்கிறார். அம்மா இரண்டைத்தான் சொன்னாராம். பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்.

மூன்றில் இரண்டு என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் செய்து பார்த்தது மினி-காக் என்ற பரிசோதனையின் ஒரு பகுதி. சூ போர்சன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவும் 2000-இல் வெளியிட்டது. மூன்று வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். அப்புறம் ஒரு கடிகாரம் வரையச் சொல்வார்கள். அதன் பிறகுதான் அந்த வார்த்தைகளைக் கேட்பார்கள். வார்த்தைக்கு ஒரு மார்க், கடிகாரம் சரியாக இருந்தால் 2, ஆக மொத்தம் 5. மூன்றுக்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பார்கள். நடுவில் வரும் கடிகாரத்துக்கு இரண்டு வேலை. வரைவதும் ஒரு சோதனை. கூடவே, வார்த்தைகளை வாய்க்குள் முணுமுணுத்தே வைத்துக்கொள்ள விடாமல் கவனத்தை வேறு பக்கம் இழுத்துவிடுகிறது. யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் இந்தப் பாதியை விட்டுவிடுகின்றன.

இனி நம்பலாமா என்ற கேள்வி. நம்பலாம், ஆனால் மொத்த மார்க்கை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் அப்பா அம்மா.

அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மாடு, பால் சொசைட்டி, நாலு பிள்ளைகள் என்றே வாழ்க்கை போனது. எங்கள் ஊரில் நடந்த முதியோர் முகாம் ஒன்றில் இருவருக்கும் எம்எம்எஸ்இ என்ற பரிசோதனையைச் செய்தார்கள். அப்பாவுக்கு 30-க்கு 27. அம்மாவுக்கு 20. பொதுவாக 24-க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது கணக்கு. அம்மாவின் சீட்டில் நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார்கள், அப்பாவுக்கு "நார்மல்".

வீட்டில் நிலைமை நேர் எதிராக இருந்தது. "உங்கப்பா காலையில கேட்டதையே மத்தியானமும் கேக்கறாருடா, புதுசா கேக்கற மாதிரியே கேக்கறாரு" என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்ததே அம்மாதான்.

நரம்பியல் டாக்டரிடம் இருவரையும் கூட்டிப் போனோம். அவர் இரண்டு தாள்களையும் வாங்கி, மார்க் எங்கே எங்கே போயிருக்கிறது என்று வரி வரியாகப் பார்த்தார். எம்எம்எஸ்இ என்பது 1975-இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் அமெரிக்காவில் உருவாக்கியது. தேதி, கிழமை, இடம் ஆகியவற்றுக்கு 10 மார்க், 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்கு 5, மூன்று வார்த்தைகளை உடனே திருப்பிச் சொல்ல 3, சிறிது நேரம் கழித்து நினைவுகூர 3, மீதி பெயர் சொல்வது, படிப்பது, எழுதுவது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது என்று போகும்.

அம்மா இழந்த பத்தைப் பாருங்கள். ஆங்கிலத் தேதியும் வருடமும் தெரியவில்லை, 2 போயிற்று. "புரட்டாசி பொறந்து அஞ்சு நாள் ஆகுது" என்று சொல்லியிருக்கிறார், அது சரியான பதில்! ஆனால் தாளில் அதற்கு இடமில்லை. ஏழு ஏழாகக் கழிப்பதில் 5. பால் சொசைட்டியில் எத்தனை லிட்டர், என்ன விலை, எவ்வளவு பிடித்தம் என்று மனக்கணக்காகச் சொல்பவர் அவர். எதற்கென்றே தெரியாமல் நூறிலிருந்து ஏழைக் கழித்துப் பழக்கமில்லை. படிப்பதில் ஒன்று, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். எழுதுவதில் ஒன்று, ஐங்கோணத்தில் ஒன்று. ஆனால் அந்த மூன்று வார்த்தைகளையும் பிசகில்லாமல் சொல்லியிருந்தார்.

அப்பா இழந்தது மூன்றே மூன்று மார்க். அந்த மூன்றும் அதே மூன்று வார்த்தைகள்.

டாக்டர் அப்பாவுக்கு வேறு வார்த்தைகளைக் கொடுத்து மறுபடி செய்து பார்த்தார். மாம்பழம், சாவி, பூனை. சிறிது நேரம் வேறு வேலைகள் கொடுத்துவிட்டுக் கேட்டபோது அப்பா, "என்ன வார்த்தைங்க? நீங்க எதுவும் சொல்லலையே?" என்றார். டாக்டர் ஒரு குறிப்புக் கொடுத்தார்: "ஒண்ணு ஒரு பழம்." "வாழைப்பழம்" என்று அப்பா தயங்காமல் சொன்னார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வயதாகும்போது எல்லோருக்கும் நினைவிலிருந்து எடுப்பது தாமதமாகும். பெயர் நாக்கு நுனியில் நிற்கும், அரை மணி கழித்து வரும். மனச்சோர்விலும் அப்படித்தான். அவர்களுக்கு "ஒரு பழம்" என்று குறிப்புக் கொடுத்தால் "ஆமா, மாம்பழம்" என்பார்கள். விஷயம் உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். டிமென்ஷியாவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் அல்சைமர் நோய், ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை ஆரம்பத்திலேயே தாக்குகிறது. புதிய விஷயங்களைப் பதிய வைப்பதே அந்தப் பகுதியின் வேலை. பதியவே இல்லை என்றால் குறிப்புக் கொடுத்தும் பயனில்லை. மனது ஏதோ ஒரு பழத்தை இட்டு நிரப்பிவிடும். அதனால்தான் எத்தனை வார்த்தை மறந்தது என்பதைவிட எப்படி மறந்தது என்பதை நல்ல டாக்டர்கள் கவனிக்கிறார்கள். 1901-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில், இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், ஆகுஸ்தே டெட்டர் என்ற நோயாளிப் பெண்ணிடம் பேனா, சாவி, சுருட்டு என்று சில பொருள்களைக் காட்டினார். அந்த அம்மாள் பெயர்களைச் சரியாகச் சொன்னார். சிறிது நேரத்தில், என்னென்ன காட்டினார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. இன்றைய சோதனையின் அடிப்படையும் அதுவேதான்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆற்றாமை. நம் வீடுகளில் 70, 75 வயதுப் பெண்கள் பலர் பேனா பிடித்தே பல பத்து வருடங்கள் ஆகியிருக்கும். அவர்களிடம் கடிகாரம் வரையச் சொல்லி, வரவில்லை என்றால் அது எதன் குறை? படித்தவர்களுக்கு அது நல்ல சோதனைதான். மோகா என்று இன்னொரு பரிசோதனை, கனடாவின் மான்ட்ரியாலில் ஜியாத் நஸ்ரதீன் என்ற மருத்துவர் உருவாக்கி 2005-இல் வெளியானது. அதில் பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வார்கள். "பத்து" என்று காதில் விழுந்ததும் சிலர் நிமிட முள்ளை 2-இல் வைக்காமல் நேராக 10-இல் வைத்துவிடுவார்கள். திட்டமிடும் திறன் தளர்வதை அது காட்டிக்கொடுக்கும். மோகாவில் மூன்றுக்குப் பதில் ஐந்து வார்த்தைகள், அதனால் ஆரம்பக்கட்டத் தடுமாற்றத்தை எம்எம்எஸ்இ-ஐவிட நன்றாகப் பிடிக்கும். 12 வருடம் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த ஒரு மார்க் எந்த மூலைக்கு?

இதை யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்றே மேரி கங்குலியும் அவர் குழுவும் எம்எம்எஸ்இ-ஐ மாற்றி அமைத்தார்கள், 1995-இல் வெளியானது. "கண்ணை மூடு" என்று எழுதியதைப் படித்துச் செய்வதற்குப் பதிலாக, நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள் என்று கண்ணை மூடிக் காட்டுவார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்பார்கள். 10/66 என்ற ஆய்வுக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், முதியவரிடம் கேட்பதோடு வீட்டில் இருப்பவரிடமும் தனியாகக் கேட்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையைப் பயன்படுத்தியது. சென்னையிலும் வேலூரிலும் அந்த ஆய்வு நடந்திருக்கிறது. படிக்காத பெரியவர்களுக்கு என்னைக் கேட்டால் இதுவே நியாயமான வழி. "ஒரு நிமிஷத்தில் உங்களுக்குத் தெரிந்த விலங்குகளைச் சொல்லுங்கள்" என்ற சோதனைக்கும் பேனா தேவையில்லை. அம்மா அதில் மாட்டிலேயே பசு, எருமை, காளை, கன்று என்று தொடங்கியதும் டாக்டரே சிரித்துவிட்டார்.

நீங்கள் வீட்டில் செய்யவேண்டிய வேலையும் இதிலேயே இருக்கிறது. அம்மாவைச் சோதிக்காதீர்கள், கவனியுங்கள். ஏடி8 என்று எட்டே கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது, குடும்பத்தாரிடம் கேட்பதற்கானது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, பணக் கணக்கில் தடுமாறுகிறாரா, புதுக் கருவிகளைக் கற்கச் சிரமப்படுகிறாரா, பிடித்த வேலைகளில் ஆர்வம் குறைந்ததா, இப்படி. ஒவ்வொன்றிலும் "முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா" என்பதே கேள்வி. இரண்டோ அதற்கு மேலோ ஆம் என்றால் டாக்டரிடம் போங்கள். நம் வீட்டுக்கு ஏற்றபடி நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்: குழம்பில் உப்பு இரண்டு முறை விழுகிறதா, மாத்திரை போட்டதையே மறந்து மறுபடி போடுகிறாரா, பழகிய பஸ் ஸ்டாப்பில் இறங்காமல் போய்விடுகிறாரா. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

"1965-இல் நடந்ததெல்லாம் வரி மாறாமல் சொல்கிறாரே, ஞாபக சக்தி நன்றாகத்தானே இருக்கிறது" என்று உறவினர்கள் சொல்வார்கள். அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழையது கடைசியில்தான் அழியும். நேற்று யார் வந்தார்கள், காலையில் என்ன டிபன் என்பதில்தான் முதலில் தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பேரப்பிள்ளைகளை விட்டு "பாட்டி, நான் யாரு சொல்லு பாப்போம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்க விடாதீர்கள். தடுமாறுவது அவர்களுக்கும் தெரிகிறது. அதற்குப் பிறகு கூட்டத்தில் உட்காரவே மாட்டார்கள்.

மார்க் குறைந்தால் உடனே டிமென்ஷியா என்றும் அர்த்தமில்லை. பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, சோடியம் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில அலர்ஜி மற்றும் சிறுநீர்ப்பை மாத்திரைகள், எப்போதோ கீழே விழுந்து மூளையைச் சுற்றி மெல்லச் சேர்ந்த ரத்தம், இவையெல்லாம் மறதியைக் கொண்டுவரும். பலவற்றைச் சரி செய்யலாம். திடீரென்று இரண்டு நாளில் குழம்பிப்போனால் அது பெரும்பாலும் டிமென்ஷியா இல்லை. சிறுநீர்த் தொற்று போல ஏதாவது இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காது கேட்காதவர் வார்த்தையை எப்படி நினைவில் வைப்பார்? அதையும் பாருங்கள். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. பெரிய எண்ணிக்கைதான், ஆனால் மறக்கும் எல்லா முதியவருக்கும் அது இல்லை என்பதும் அதிலேயே தெரிகிறது.

அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனைகள், எம்ஆர்ஐ எல்லாம் பார்த்து, ஆரம்பக்கட்ட அல்சைமர் என்றார்கள். டோனபெசில் என்ற மாத்திரை கொடுத்தார்கள், அது நோயைக் குணப்படுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. பத்திரங்கள் எங்கே, யார் நாமினி, நிலத்தை என்ன செய்வது என்று எல்லாவற்றையும் அப்பாவே தெளிவாக யோசித்து, தானே முடிவெடுத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் தாமதித்திருந்தால் அவர் சார்பில் நாங்கள் முடிவெடுத்திருப்போம். ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தவும் அவரே சம்மதித்தார். அம்மாவுக்கு எதுவும் இல்லை என்றார் டாக்டர்.

அறிகுறி எதுவும் இல்லாத முதியவர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சோதிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2020-இல், அதைப் பரிந்துரைக்கவோ வேண்டாம் எனவோ போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது. உங்கள் அம்மாவுக்கோ மறதி இருக்கிறது, நீங்களும் கவனித்திருக்கிறீர்கள், அதனால் ஒருமுறை காட்டுவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவில் பார்ப்பார்கள். சென்னையில் என்றால் அரசு பொது மருத்துவமனையின் முதியோர் மருத்துவப் பிரிவு இருக்கிறது, 1978-இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கியது, கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024-இல் திறந்திருக்கிறார்கள். ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பும் டிமென்ஷியாவுக்கென்று தனியாகச் சேவை நடத்துகிறது.

பிரஷர் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். "ஞாபகத்துக்கும் ஒரு செக்கப் பண்ணிடலாம்மா, நானும் கூட வர்றேன்" என்று சொன்னால் போதும். கண்ணாடி, காது மெஷின், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், உங்கள் நோட்டு, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நோட்டில் இருப்பதை டாக்டரிடம் அம்மா இல்லாதபோது தனியாகச் சொல்லுங்கள். எத்தனையாவது வரை படித்தார், எந்த மொழியில் வளர்ந்தார் என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள்; யாரும் கேட்காமலே போகலாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி வரச் சொன்னால் முதல் பரிசோதனைத் தாளின் நகலைக் கொண்டுபோங்கள், அம்மாவின் இன்றைய நிலையை அம்மாவின் அன்றைய நிலையோடு ஒப்பிட அதுதான் வேண்டும். நடுவில் வீட்டில் அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்துப் பயிற்சி செய்ய வேண்டாம், அடுத்த முறை வரும் மார்க்கை நம்ப முடியாமல் போய்விடும்.