ஹெல்மெட் கேமராவோடு இணைக்க எந்த கேம்கார்டர் வாங்கலாம்?

வயர் வைத்த பழைய ஹெல்மெட் கேமரா கையில் இருக்கிறது, அதில் வரும் படத்தைப் பதிவு செய்ய செகண்ட் ஹேண்ட் கேம்கார்டர் தேடுகிறேன், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மலைப்பாதை சைக்கிள் ஓட்டத்துக்கு இதே ஏற்பாட்டைத்தான் வைத்திருந்தேன்.

படம் பிடிக்கப்போவது ஹெல்மெட்டில் இருக்கும் கேமரா. முதுகுப் பைக்குள் கிடக்கும் கேம்கார்டர் வெறும் ரெக்கார்டர்தான். அதனால் ஜூம், மெகாபிக்சல் எதற்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. லென்ஸில் கீறல் விழுந்ததால் சல்லிசாக வருகிறதா, தாராளமாக வாங்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: ஏவி இன், அதாவது வெளியிலிருந்து வரும் படத்தை வாங்கிக்கொள்ளும் இணைப்பு, இருக்கிறதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போகும் ஓட்டை பெரும்பாலான கேம்கார்டர்களில் இருக்கும். ஆனால் நிறைய மாடல்களில் அது டிவிக்குப் படம் அனுப்ப மட்டும்தான், வெளியிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாது. ஐரோப்பாவில் விற்ற மாடல்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. வெளியிலிருந்து பதிவு செய்யக்கூடிய கேம்கார்டரை வீடியோ ரெக்கார்டர் கணக்கில் சேர்த்துக் கூடுதல் சுங்க வரி போட்டார்கள் என்பதால், கம்பெனிகளே அந்த வசதியை முடக்கி விற்றன. பிற்கால எச்டி கேம்கார்டர்கள் பெரும்பாலானவற்றில் ஏவி இன் கிடையாது. அவற்றின் எச்டிஎம்ஐயும் படத்தை வெளியே அனுப்பத்தான். ஆக, நீங்கள் தேட வேண்டியது மினி டிவி (MiniDV) என்ற சின்ன கேசட் காலத்து கேம்கார்டர்.

விற்பவர் சொல்வதை நம்பாமல் நேரில் சோதித்துப் பாருங்கள். ஹெல்மெட் கேமராவையும் அதன் பேட்டரியையும் கையோடு கொண்டுபோங்கள். கேம்கார்டரை விசிஆர் அல்லது பிளே மோடில் வைத்து வயரைச் செருகினால் திரையில் படம் வர வேண்டும். வந்ததும் ரெக்கார்டை அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கேம்கார்டரைக் கையில் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். விற்பவர் முறைப்பார், பரவாயில்லை. அப்புறம் ரீவைண்ட் செய்து பாருங்கள். மினி டிவியில் கேசட்டில் படத்தை எழுதும் தலை உருளை நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றுகிறது. தேய்ந்த இயந்திரமாக இருந்தால் குலுக்கிய இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்திருக்கும், அதை வாங்காதீர்கள். நல்ல இயந்திரத்தையும் பைக்குள் ஸ்பாஞ்ச் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

படமே வராவிட்டால் உடனே கேம்கார்டரைக் குறை சொல்லாதீர்கள். 3.5 எம்எம் ஏவி வயர்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வீடியோவும் கிரவுண்டும் இருக்கும் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலுக்கான வயரையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது லேங்க். சோனியும் கேனனும் பல மாடல்களில் வைத்திருந்த ரிமோட் இணைப்பு இது, பெரும்பாலும் 2.5 எம்எம் ஓட்டையாக இருக்கும். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, பட்டனைத் தேட வேண்டும். அல்லது கேசட் தீரும்வரை ஓடவிட வேண்டும், வழக்கமான எஸ்பி வேகத்தில் அது 60 நிமிடம். ஒரு ரிமோட்டைத் தோள்பட்டையில் மாட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சாதாரண லேங்க் ரிமோட் சில, கேமரா மோடில் மட்டும்தான் பதிவைத் தொடங்கும். விசிஆர் மோடிலும் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள்.

பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று வீடியோ முறைகள் உண்டு. ஹெல்மெட் கேமரா பால் என்றால் கேம்கார்டரும் பால், என்டிஎஸ்சி என்றால் அதுவும் என்டிஎஸ்சி. மாறினால் படம் உருண்டுகொண்டே இருக்கும், இல்லையென்றால் நிறம் போய்விடும்.

கேம்கார்டர் பேட்டரி பெரியதாகக் கிடைத்தால் நல்லது. ஓட்டும்போது திரையை மூடி வையுங்கள், சார்ஜ் மிஞ்சும். ஹெல்மெட் கேமராவுக்குத் தனி மின்சாரம் வேண்டும். 12 வோல்ட் கேமரா என்றால் சாதாரண ஏஏ பேட்டரி 8 போதும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் 10 வேண்டியிருக்கும், அதற்கேற்ற ஹோல்டரைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.