ஒன்றா, இரண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஐந்தாம் அளவு விண்மீன் ஒன்றைப் பற்றி, 'மாறொளிர் விண்மீன். நெருங்கிய இரட்டையாக இருக்கலாம்' என்ற குறிப்பை ஓர் அட்டவணையில் கண்டேன். தொலைநோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடாதா? இத்தனை கருவிகள் வந்த பிறகும் 'இருக்கலாம்' என்றே எழுதுவது ஏன்?

க.

அன்புள்ள க.,

தொலைநோக்கியில் பார்த்துத் தீர்க்கக்கூடிய காரியம் அல்ல இது. தென்மகுடம் என்ற விண்மீன் குழுவில் உள்ள எப்சிலான் என்ற விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 14 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் இரு விண்மீன்கள், மேற்பரப்புகள் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு அங்கே ஒட்டிக்கிடக்கின்றன. சுமார் 100 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து பார்க்கையில் அவற்றின் இடைவெளி, பாகையின் 3,600இல் ஒரு பங்கான விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நமக்குக் கிடைப்பது 4.7க்கும் 5.0க்கும் இடையே (எண் கூடினால் ஒளி குறைவு) ஒளியளவு ஏறி இறங்கும் ஒரே புள்ளிதான்.

ஆகவே அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே ஊகிக்க வேண்டும், சிக்கலும் அங்கேதான். ஒட்டிக்கிடக்கும் விண்மீன்கள் பரஸ்பர ஈர்ப்பால் இழுபட்டு முட்டை வடிவம் கொள்கின்றன. பக்கவாட்டில் தெரியும்போது ஒளி மிகும், நுனி நம்மை நோக்கும்போது குறையும். ஒரு சுற்றில் இது இருமுறை நிகழும். ஆனால் அளவீடுகளை 7 மணி நேரச் சுழற்சியாக மடித்துத் தாளில் குறித்தால், ஒரே மேடும் ஒரே பள்ளமுமாக, தானே விரிந்து சுருங்கும் ஒற்றை விண்மீனின் வளைவைப் போலவே அது தோன்றும். அதே புள்ளிகளை 14 மணி நேரமாக மடித்தால் பள்ளங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று சற்று ஆழமாக இருந்தால் இரட்டை என்பதற்கு வலுக் கூடும். ஆனால் மொத்த மாற்றமே ஓர் ஒளியளவு எண்ணின் நூறில் சில பங்காக இருந்தால், அந்த வேறுபாடு அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துபோகும். உங்கள் அட்டவணைக்காரர் தயங்கியது இத்தகைய இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நிறமாலை (விண்மீனின் ஒளியை நிறவாரியாகப் பிரித்த, குறுக்கே இருண்ட கோடுகள் கொண்ட பட்டை) எடுத்தால் முடிவு தெரிந்துவிடும் என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். 1784இல் வானியலாளர் ஜான் குட்ரிக் மாறொளிர் என்று கண்ட டெல்டா செஃபி என்ற விண்மீனின் நிறமாலைக் கோடுகள், அதன் 5.37 நாள் ஒளிமாற்றத்தோடு சேர்ந்தே இடம்பெயர்வதை 1894இல் ரஷ்ய வானியலாளர் பெலோபோல்ஸ்கி கண்டார். கோடு நகர்ந்தால் விண்மீன் நம்மை நோக்கி வருகிறது அல்லது விலகுகிறது, அப்படி மாறி மாறி நகர்ந்தால் அது சுற்றிவர ஒரு துணை உண்டு என்பதே அன்றைய பொருள். எனவே அது இரட்டையாகவே எண்ணப்பட்டது. 1914இல் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, அந்தக் கணக்கில் வரும் சுற்றுப்பாதை விண்மீனின் உடலைவிடவே சிறியது என்று சுட்டிக்காட்டி, அது துடிக்கும் ஒற்றை விண்மீன் என்று வாதிட்டார். (அதற்கு உண்மையாகவே ஒரு துணை இருப்பது 2015இல் தெரியவந்தது, ஆனால் அது சுற்றிவரப் பல ஆண்டுகள் ஆகின்றன, இந்த 5.37 நாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

ஆகவே கோடுகள் நகர்கின்றனவா என்பதைவிட எப்போது நகர்கின்றன என்பதே முக்கியம். டெல்டா செஃபியைப் போலத் துடிக்கும் செஃபீடு வகை விண்மீன்களில் ஒளி உச்சத்தையொட்டி, ஒவ்வொரு முறையும், மேற்பரப்பு நம்மை நோக்கியே விரைகிறது. இழுபட்ட இரட்டையிலோ ஓர் உச்சத்தில் விண்மீன் நம்மை நோக்கி வரும், அடுத்த உச்சத்தில் விலகிச் செல்லும். ஒளி மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் நம் பார்வைக்குக் குறுக்காகச் செல்வதால் கோடுகள் நடுநிலையில் நிற்கும். உங்கள் விண்மீனின் அடுத்தடுத்த இரு ஒளி உச்சங்களில் நிறமாலை எடுத்து, கோடுகள் எதிரெதிர்த் திசைகளில் விலகியிருப்பதைக் கண்டால், அந்த 'இருக்கலாம்' என்பதை அடித்துவிடலாம்.