கடலோரச் சாலையில் ஒரே நாளில் 300 கி.மீ., எட்டு இடங்கள்: முடியுமா?

ஓட்டி முடிக்கலாம், நின்று பார்க்க முடியாது. வளைவுகளும் ஊர்களும் நிறைந்த சாலையில் சராசரியாக மணிக்கு 40-50 கி.மீ.தான் போக முடியும். வண்டியை நிறுத்தி, கரைக்கு நடந்து, திரும்பி வர ஓர் இடத்துக்குக் குறைந்தது 45 நிமிடம் ஆகும். வரைபடச் செயலி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 150 கி.மீ., மூன்று நல்ல நிறுத்தங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் கடல் இடக்கைப் பக்கம் வரும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் ஓரங்கட்டலாம்.

பலரும் கோட்டை விடுவது கடல் ஏற்றவற்றத்தில்தான். பாறைக்குளங்களும் கடற்குகைகளும் நீர் வடிந்தால்தான் திறக்கும். முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் ஏறத் தொடங்கியதும் தயங்காமல் கிளம்பிவிடுங்கள். குகைக்குள் மாட்டிக்கொள்வது அந்தத் தாமதத்தால்தான். பெரும்பாலான கரைகளில் வற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்துக்குப் போனால் தண்ணீர் இன்னும் வடிந்திருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் வடியும், அதிகம் ஏறவும் செய்யும். ஆகவே முதலில் அந்த இடத்துக்கான ஏற்றவற்ற அட்டவணை, அதற்கேற்ப மற்ற நிறுத்தங்கள்.

காரை மணலில் இறக்காதீர்கள். புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழிதான் தோண்டும். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் காற்றடிக்க ஒரு சிறு பம்ப் அவசியம்.