பதில்: ஆர்டர் எல்லாம் ஒரே செயலியில், அது முடங்கினால்?

வணக்கம் சகோதரி. முறுக்கு, அதிரச ஆர்டர்களை ஒரே செயலியில் வாங்கி, கணக்கு முடங்கியதும் வாடிக்கையாளர் எண்கூடக் கையில் இல்லாமல் இரண்டு நாள் தவித்ததாக எழுதியிருந்தீர்கள். வேறு செயலிக்கு மாறலாமா என்கிறீர்கள். மாறலாம், ஆனால் குடுமி இன்னொருவர் கைக்குப் போகும், அவ்வளவுதான்.

2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? நம்மூர் நேரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்தன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் வலையையே துண்டித்துவிட்டது. அது சரியாவதற்கு ஆறு மணி நேரம் போல ஆனது. அன்றைக்கும் மின்னஞ்சல் அது பாட்டுக்கு ஓடியது. அதற்கு ஒரே முதலாளி கிடையாது. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு அனுப்பலாம், ஒரு சர்வர் படுத்தாலும் மற்றவை ஓடும்.

அதனால் கடைப் பெயரில் ஒரு டொமைன் (இணையத்தில் உங்களுக்கென்று இருக்கும் பெயர், மின்னஞ்சல் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) வாங்கி, அதில் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். நாளை சேவை தரும் நிறுவனம் பிடிக்காவிட்டால் எம்எக்ஸ் பதிவை, அதாவது உங்கள் டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பை, மாற்றினால் போதும், முகவரி அப்படியே இருக்கும். நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன், எழுதுகிறவர்களுக்குத் தெரியவே இல்லை. டொமைனை வருஷா வருஷம் புதுப்பிக்க மட்டும் மறக்காதீர்கள்.

மேட்ரிக்ஸ் மாதிரி, மின்னஞ்சலைப் போலவே ஒரே முதலாளி இல்லாமல் பல சர்வர்களில் ஓடும் பரவலாக்கப்பட்ட அரட்டையும் இருக்கிறது. நல்ல சங்கதிதான், ஆனால் அதிரசம் கேட்கும் அத்தைமார் அங்கே வரமாட்டார்கள். பழைய செயலியும் இருக்கட்டும்.

அப்புறம், இருக்கிற எண்களை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.