மலை ரயில் ரத்து: முன்பே தெரிந்துகொள்ள
மேட்டுப்பாளையத்தில் இறங்கிய பிறகுதான் ஊட்டி ரயில் ரத்து என்று தெரிந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதை தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் வருகிறது. அவர்களுடைய எக்ஸ் பக்கத்தைப் பின்தொடருங்கள். கிளம்பும் முன், ரயில் ஓடுகிறதா என்று காட்டும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியையும் ஒரு தடவை பாருங்கள். வாட்ஸ்அப் படங்களை நம்பவேண்டாம், போன வருடத்து மண்சரிவே திரும்பத் திரும்பச் சுற்றும்!

அறிவிப்பில் எந்தப் பகுதி ரத்து என்று கவனியுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி மண் சரிவது கல்லாறு-குன்னூர் பல்சக்கரப் பாதையில், அதாவது எஞ்சின் பல்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பற்றி ஏறும் செங்குத்துப் பகுதியில். அப்போதும் குன்னூர்-ஊட்டி ரயில் பெரும்பாலும் ஓடும், ஆனால் அதை இழுப்பது டீசல் எஞ்சின். அந்தக் கீழ்ப்பகுதியில் ஓடும் நீராவி எஞ்சின்தான் வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பரை விட்டுவிட்டு பிப்ரவரி வாக்கில் போங்கள்.